கிராணி இருக்கும் மேசை

தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, பிரிஞ்சாங் போகும் ரோட்டோரமாக நான் டீக்கடை போட்டிருக்கிறேன். தினமும் காலையில், தோட்டத்து லயத்து வீடுகளில் குடியிருக்கும் கிரகரி அண்ணனும் புவனேஸ்வரனும் கைப்பேசியில் செய்தி பார்த்தபடி உலகத்தையே கூண்டில் ஏற்றுவார்கள். அமெரிக்கா, ரஷ்யா, நம்ம புத்ராஜெயா அரசாங்கம், யாரும் தப்ப முடியாது. பக்கத்து மேசையில் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தாலும் குரல் இறங்காது. ஆனால் தோட்டத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள். கிராணி காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் தோட்டத்து மேனேஜர் துரை காதுக்குப் போய்விடும்.

அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, ரிட்டயர் ஆனவங்கள்லாம் லயத்து வீட்ட காலி பண்ணணுமாமே? காலம் பூரா கொழுந்து லோரி ஓட்டுன ஒங்களையுமா?"

புவனேஸ்வரன் கிளாசுக்குள் பார்த்தான். கிரகரி அண்ணன் பக்கத்து மேசையைக் கண்ணால் காட்டினார்.

"மெதுவா லா, குமுதா."

கையிலிருந்த தட்டை நங்கென்று வைத்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் நியாயம் பேசுவார்கள், சொந்த வீட்டுக்கு வாய் கிடையாது.

அண்ணன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எங்கேயோ சனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று குரலை உயர்த்தினார்.

"காலங்காலமா இருந்தவன வெளிய போன்னு சொல்றானுங்க. போறதுக்கு எடம் இருக்கான்னு எவனாச்சும் கேட்டானா?"

கிராணி நிமிர்ந்தார். "எந்த நாட்டுலண்ணே?"

அண்ணன் கைப்பேசியை அணைத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ரொம்ப தூரமில்ல, கிராணி."