பினாங்குக் கடை பெஞ்சு

கிருஷ்ணப்பன் கப்பலிலிருந்து வந்து வாசலில் கால் வைத்தால் பூவம்மா கேட்கிற முதல் கேள்வி சௌக்கியமா என்பது இல்லை. "இந்த தபா இன்னாயா துன்னே?" என்பதுதான்.

அவனும் அதற்கென்றே கடல் தாண்டி வந்தவன்போல, தோள் மூட்டையைக்கூட இறக்காமல் ஆரம்பித்துவிடுவான். ரங்கூனில் வாழைத்தண்டை மீனோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, நூல்நூலாக இருக்கிற சேவையின் மேல் ஊற்றித் தருவார்களாம். கொழும்பில் ஆப்பம் சுடும்போதே நடுவில் முட்டையை உடைத்து ஊற்றிவிடுவார்களாம். பினாங்கில் இருக்கிறதே ஒன்று, அதுதான் எல்லாவற்றுக்கும் ராஜாவாம். புளி கரைத்த மீன் சாறு, அதில் மிதக்கிற சேவை, மேலே புதினா, பச்சை வெங்காயம், பொடிப்பொடியாக அன்னாசிப்பழம்.

"மீன் கொயம்புல அன்னாசிப்பயமா?" என்று பக்கத்து வீட்டு வேம்பு சிரித்தாள். "ஏம்மே பூவு, உங்கூட்டுக்காரரு கப்பல்ல போனாரா, கனாவுல போனாரா?"

"நீ காசிமேட்ட தாண்டாதவ. உனுக்கு இன்னா தெரியும்? போவியா!"

பூவம்மாவும் காசிமேட்டைத் தாண்டாதவள்தான். கல்மண்டபத்துக்குப் பின்னால், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த வீடுகளில் ஒன்று அவளுடையது. காலையில் எழுந்தால் காசிமேட்டு மணலில் நெத்திலி காயப்போடப் போவாள். வெயில் சாய்ந்ததும் திரும்புவாள். பிள்ளை குட்டி கிடையாது. ஆனால் அவளுக்குள்ளே பெரிய உலகம் ஒன்று இருந்தது. அந்த உலகத்தில் ஊருக்கு ஊர் அடுப்பு எரிந்தது.

புருஷன் சொன்னதை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சமைத்துப் பார்ப்பாள். சேவைக்கு இடியாப்பம், தெரியாத மீனுக்குத் தெரிந்த மீன். அவன் தட்டின் முன் உட்கார, இவள் விசிறியோடு நிற்பாள்.

"எப்டி கீது?"

"அச்சு அதே ருசி."

"உப்பு?"

"அதே உப்பு."

"புளி?"

"அதே புளிதாம்மே."

"ஒரு கொறகூடவா இல்ல? மெய்யா சொல்லுயா."

"கொற இருந்தா சொல்லமாட்டனா?"

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஆனாலும் ஒரு தடவையாவது அவன் முகம் சுளித்து, இது சரியில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். குறை சொன்னால்தானே அந்த ஊர்க் கடைக்காரன் ஒரு படி மேலே என்று ஆகும்? ஒருநாள் போய்ச் சாப்பிட்டுத் தெரிந்துகொள்ள ஏதாவது மிச்சம் இருக்கும்?

போவதாகத்தான் பேச்சு. கப்பல் வேலையை விடுகிற வருஷம் அவளையும் பினாங்குக்குக் கூட்டிப்போவதாகக் கிருஷ்ணப்பன் வாக்குக் கொடுத்திருந்தான். அங்கே அவன் வழக்கமாகச் சாப்பிடுகிற கடையில் பச்சை வர்ணம் அடித்த பெஞ்சு ஒன்று உண்டாம். அதற்கு ஒரு கால் குட்டை. ஒருத்தர் மட்டும் உட்கார்ந்தால் சாய்ந்துவிடும். ரெண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால்தான் நிற்குமாம். கடைக்காரச் சீனக் கிழவன், தனியாக வருகிறவனைப் பார்த்து, "எங்கே உன் வீட்டுக்காரி?" என்று கையை ஆட்டுவானாம்.

"அங்க ஆம்பளையும் பொம்பளையும் ஒண்ணா குந்தித் துன்றாங்க பூவு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல."

பூவம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை. அவளைப் போன்றவர்கள் டீக்கடைக்குப் போனால் ஓரமாக நின்று சொம்பில் வாங்கிக்கொண்டு வருவார்கள். வீட்டிலோ அவன் தின்று எழுந்த பிறகுதான் அவள் சோறு. இத்தனை வருஷத்தில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கைநனைத்தவள் இல்லை. அதனால் அந்தப் பச்சை பெஞ்சை அவள் மனதில் எத்தனை தரம் துடைத்து வைத்திருப்பாள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கிருஷ்ணப்பன் வேலையை விட்டான். அவன் விட்டான் என்பதைவிட, அவன் நெஞ்சு விட்டது என்பதே சரி. இருமினால் கரியாக வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிப்போம்மா, வாய்க்குப் பிடிச்சதைக் குடு" என்றார்கள். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று பூவம்மாவுக்குப் புரியாமல் இல்லை.

வாய்க்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. கஞ்சியை முகத்தருகே கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"யோவ், அந்தப் பினாங்குக் கெயவன் கட சாப்பாடுன்னா துன்னுவியா?"

அவன் கண் ஒரு நொடி விரிந்தது. பிறகு சிரித்தான். "அது எங்கம்மே கெடைக்கப்போவுது?"

ஏன் கிடைக்காது? தாவூது இருக்கிறானே! கிருஷ்ணப்பனோடு ஒரே கப்பலில் பல வருஷம் போய்வந்தவன், மேல்தளத்து ஆள். அந்தக் கப்பல் சரக்கேற்றிக்கொண்டு துறைமுகத்தில்தான் நின்றது. மறுநாள் பினாங்குக்குப் போகிறது. சாற்றைக் கொண்டுவர முடியாவிட்டாலும், கிழவன் அதில் கலக்கிற இறால் விழுதையாவது வாங்கிவரச் சொல்லலாம். அதுவரை இவன் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

தெரு முனையில் இருந்த செல்வம் டீக்கடையில் தாவூதைப் பிடித்தாள். அவன் பதறி எழுந்து பெஞ்சைத் துடைத்தான்.

"வாங்கண்ணி, குந்துங்க. அண்ணாத்த எப்டி கீறாரு?"

"கீறாரு. நா நின்னுக்கினே பேசறேன்." அவள் கடையின் பெயர் தெரியாததால் அடையாளம் சொன்னாள். பச்சை பெஞ்சு, குட்டைக் கால், கை ஆட்டுகிற கிழவன். "உனுக்குத் தெரியாத கடையா? உங்கண்ணன் மாமூலா போற கட."

தாவூது டீயைக் கீழே வைத்தான். "அந்தக் கடையா... அத்த மூடிட்டாங்க அண்ணி."

"மூடிட்டா கெயவன் எங்க போயிருப்பான்? வூட்ட விசாரி. எனுக்காக."

"அண்ணி..."

"இன்னா மென்னு முயுங்கற? செத்துப்பூட்டானா?"

தாவூது தலையைக் குனிந்துகொண்டான். "அப்டி ஒரு கடயே இல்ல அண்ணி. அண்ணாத்த பினாங்குல எறங்கினதே இல்ல."

பூவம்மா சிரித்தாள். "போடா. ஊரு ஊரா துன்னவரு அவரு."

"எங்க எறங்குவாரு? கப்பல் ஓடும்போது அவரு கீய குந்திக்கினு கரி வாரிப் போடணும். கப்பல் நின்னா எங்களுக்கு ஊர சுத்தற நேரம். அவருக்கு அப்பதான் பெரிய வேல. பாய்லரு ஆறினதும் உள்ள பூந்து சொரண்டணும். ரங்கூனு, கொயும்பு, எல்லா ஊர்லயும் அவரு பாத்தது அந்த இரும்பத்தான்."

துறைமுகத்துப் பக்கமிருந்து கப்பல் ஒன்று ஊதியது. எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாளே! வேம்புவிடம், நெத்திலி மணலில் கூட நின்ற அத்தனை பெண்களிடமும். எத்தனை சண்டை, எத்தனை சவடால்!

"அப்ப என்னிய கேனச்சி ஆக்கிக்கீறான்," என்றாள். குரல் உடைந்தது. "இத்தினி வருசமா பொய்யி. எல்லாம் பொய்யி."

"சாப்பாடு பொய்யில்ல அண்ணி." தாவூது அவசரமாகச் சொன்னான். "நாங்க துன்ட்டு ஏணில ஏறி வந்தா, கரியும் வேர்வையுமா மேல வந்து நிப்பாரு. ஒருத்தன வுடமாட்டாரு. 'இன்னாடா துன்னே? புளிப்பா, ஒறப்பா? மேல இன்னா தூவினான்? எலையிலயா, பீங்கான்லயா?' ஒயுங்கா சொல்லலன்னா கோவம் வந்துடும். சொம்மா பேஜாரு குடுக்காத நைனான்னு நாங்க கலாட்டா பண்ணுவோம். 'எங்கூட்ல கேப்பாடா'ம்பாரு."

"நீங்க அவருக்கு ஒரு வாயி எடுத்துக்கினு வந்தா இன்னா?"

"வராம இருப்பமா? கையி பூரா கரி, குளிச்சிட்டு வரேன்டாம்பாரு. குளிக்கப் போற வயியிலயே எங்கனா சாஞ்சி தூங்கிப்பூடுவாரு. எயுப்ப மனசு வராது." தாவூது மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "எந்த ஊரா இருந்தாலும் அவரு துன்னது கப்பல் சோறும் நீங்க இடிச்சிக் குட்த்த கருவாட்டுப் பொடியும்தான்."

"அந்த பெஞ்சு? அத்த யாரு சொன்னது?"

"பெஞ்சா?" தாவூது யோசித்துப் பார்த்தான். "அத்த யாரும் சொல்லலியே அண்ணி."

பூவம்மா முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டாள். அந்த பெஞ்சு ஒன்றுதான் கிருஷ்ணப்பன் தானாகச் செய்தது. இரவல் வாங்காத சரக்கு. அவளுக்கென்று செய்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காசிமேட்டுக்குப் போய்க் கானாங்கெளுத்தி வாங்கினாள். சந்தையில் அன்னாசிப்பழத்துக்குப் பேரம் பேசாமல் காசைக் கொடுத்தாள். திரும்பும் வழியில் செல்வம் கடையில் நின்று, "அண்ணே, இன்னிக்கி சாங்காலம் ஒரு பெஞ்சு குடு" என்றாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. தாவூது சொல்லியிருப்பான்போல. தானே தலையில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"எங்கம்மா போட?"

வாசலில் சமமான இடம் இருக்கத்தான் இருந்தது. அவள் மேடும் பள்ளமுமான இடத்தைக் காட்டினாள்.

வெயில் தணிந்ததும் கிருஷ்ணப்பனைத் தூக்கி நிறுத்தினாள். அவன் உடம்பு துணி மூட்டை மாதிரி இருந்தது.

"எங்கம்மே கூட்டிக்கினு போற?"

"கடைக்கி."

பெஞ்சில் உட்கார வைத்தாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் விழாமல் கையை ஊன்றிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் பீங்கான் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். புளிச் சாறு, இடியாப்பம், புதினா, பச்சை வெங்காயம், அன்னாசி.

"கெயவன் குட்த்தனுப்பிச்சான். தாவூது கொணாந்தான்."

நாளைக்குத்தான் கப்பல் கிளம்புகிறது என்பது கிருஷ்ணப்பனுக்கும் தெரியும். அவன் தட்டைப் பார்த்தான், சாய்ந்த பெஞ்சைப் பார்த்தான்.

"கெயவன் நல்லா கீறானா?" என்றான் மெதுவாக.

"கீறான். எங்க உன் வூட்டுக்காரின்னு உன்னிய கேட்டானாம்."

"நீ இன்னா சொன்னே?"

"தோ கீறேன்னேன்."

அவன் கை அவளைத் தேடியது. "குந்து பூவு. பெஞ்சு சாயுது பாரு."

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. வேம்பு குடத்தோடு வந்தவள் அப்படியே நின்றாள். ஏதாவது நக்கலாகச் சொல்வாள் என்றுதான் பூவம்மா நினைத்தாள். அவள் குடத்தை மாற்று இடுப்பில் வைத்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி வீட்டுக்குள் போய்விட்டாள்.

பூவம்மா புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சு நிமிர்ந்து நின்றது. ஒரே தட்டில் இரண்டு பேரும் கைவைத்தார்கள். அவன் ஒரு வாய் எடுத்து, நாக்கில் வைத்து, வெகுநேரம் மென்றான். அவள் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"எப்டி கீது?"

அவன் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"புளி தூக்கலா கீது பூவு," என்றான்.

எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை அது! அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நா ஒண்ணும்..." என்று அவன் ஆரம்பித்தான். இருமல் வந்தது.

"தெரியும். துன்னு."

இன்னும் ஒரு வாய் தின்றான். அதற்கு மேல் முடியவில்லை. தலையை அவள் தோளில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். கரி வேலை முடித்துக் குளிக்கப் போகும் வழியில் அவன் இப்படித்தான் எங்கேயாவது தூங்கிப்போயிருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் அவன் தாண்டவில்லை. அன்றைக்குப் பிறகு அவன் தொண்டையில் இறங்கியது தண்ணீர் மட்டும்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டபோது, "பினாங்குல துன்னோம், ரெண்டு பேரும்" என்று பூவம்மா சொன்னாள். வேம்பு பக்கத்திலேயே இருந்தாள். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஆனால் அந்தச் சாயங்காலம், அவன் இன்னும் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அவள் எழுந்தால் பெஞ்சு சாய்ந்துவிடும், அவன் விழுந்துவிடுவான். மடியில் இருந்த தட்டில் பாதிச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையால் அவனை அணைத்துக்கொண்டு, மறு கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மிச்சத்தையெல்லாம் தின்றாள்.

புளி தூக்கலாகத்தான் இருந்தது.