கயிற்றின் மறுமுனை

பனி மூடிய மலை. உச்சியில் மட்டும் பனி இல்லை. அங்கிருந்து வெண்ணிற ஆவி எழுகிறது, பேசப்போகிறவர் விடும் மூச்சைப் போல.

தென்துருவத்தின் விளிம்பில் இருக்கும் எரிமலை அது. அதன் நடுக்கத்தை அளக்கும் கருவி ஒன்று திடீரென்று ஊமையாகிவிட்டது. சரிசெய்ய இருவர் ஏறினார்கள். குழுத் தலைவி பொற்கொடி. கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் ஞானதிரவியம்.

இருவருக்கும் இடையே ஒரு கயிறு. பனிக்கு அடியில் பிளவுகள். ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்க வேண்டும்.

கல் பறந்து வந்தால் ஓடாதீர்கள். நின்று மேலே பாருங்கள். விழும் இடம் பார்த்து விலகுங்கள். முகாமில் எல்லோருக்கும் இதைச் சொன்னவள் பொற்கொடிதான்.

உச்சியை நெருங்கும்போது மலை வெடித்தது. வானம் கறுத்தது. கறுப்புக்குள் சிவப்பாகக் கற்கள்.

அவள் மேலே பார்க்கவில்லை. கை இடுப்புக்குப் போனது. கயிற்றின் கொக்கியைக் கழற்றியது. ஓடினாள்.

பின்னால் ஒரு குரல். ஓடினாள்.

அடிவாரத்தில், பனிவண்டியின் அருகே வந்துதான் நின்றாள். மலை அடங்கிவிட்டது. திரும்ப ஏறலாம். ஏறவில்லை. சாம்பல் பெய்தது. பனி சாம்பலானது. அவள் தோள்களும்.

வெகுநேரம் கழித்து அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து ஞானதிரவியம் இறங்கி வந்தான். இடது கை தொங்கியது. கயிற்றின் மறுமுனை, யாருமில்லாமல், பனியில் இழுபட்டு வந்தது.

முகாமின் கூடாரத்தில் மருத்துவர் ரஹ்மத் அவன் கைக்குக் கட்டுப் போட்டார். பொற்கொடி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். "இந்தக் கையோட தனியாவா எறங்குனீங்க? மேடம் எங்க இருந்தாங்க?"

"மேல ரேடியோ எடுக்கல டாக்டர். தகவல் சொல்லத்தான் மேடம் முன்னாடி எறங்குனாங்க."

"நல்ல காரியம் பண்ணுனீங்க, மேடம்."

அந்தப் பாராட்டு கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. தலையசைத்தால் போதும். எல்லாம் முடிந்துவிடும். அவளுக்குத் தலை அசையவில்லை.

"ரேடியோ நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "நான் எடுக்கவே இல்ல. பயந்துட்டேன். கயித்தக் கழட்டிட்டு ஓடிட்டேன்."

ரஹ்மத்தின் கைகள் நின்றன.

ஞானதிரவியம் அவளைப் பார்க்கவில்லை. பிறகு, மிக மெதுவாக, குற்றம் சொல்லாத குரலில் சொன்னான்.

"கூப்புட்டேன் மேடம்."

காற்றில் கேட்டிருக்காது என்று அவனே நினைத்திருக்கலாம். அவளும் அதை அப்படியே விட்டிருக்கலாம்.

"கேட்டுச்சு," என்றாள் பொற்கொடி.

எழுந்து வெளியே வந்தாள். துருவத்தின் கோடை. சூரியன் அடிவானத்தைத் தொட்டு, மறையாமல், சுற்றிக்கொண்டிருந்தது. முகத்தை மறைத்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருட்டுகூட எங்கும் இல்லை.