மணிக்கணக்கில் ஒரு மலை

"இந்தப் பனிக்காலம் முழுக்க நான் வெளிநாட்டுல இருக்கப்போறேன். நிஜ மலையில. பலகை கட்டிக்கிட்டு சறுக்கப்போறேன்."

இரவுச் சாப்பாட்டின்போது இதைச் சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடித்தாள். குரல் உடையாமல் சொல்லி முடித்ததில் அவளுக்கே ஒரு திருப்தி.

அண்ணன் ரொட்டியைப் பிய்த்த கையோடு நிமிர்ந்தான். "குட்டி, உனக்கு முப்பத்தொன்பது வயசு."

"தெரியும். அதனாலதான் அடுத்த வருஷம்னு சொல்லாம இந்த வருஷம்னு சொல்றேன்."

அண்ணி குனிந்து தட்டைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள். அம்மா மட்டும், காது கேட்காதவளைப் போல, குழம்பில் உப்புக் குறைவு என்றாள். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அவள் வேலை செய்வது ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் இருக்கும் செயற்கைப் பனிக்கூடத்தில். கிடங்கு அளவுக்குப் பெரிய குளிர் அறை. அதற்குள் ஒரு சரிவு, அதன் மேல் இயந்திரம் தூவும் பனி. வருகிறவர்களுக்கு அளவு பார்த்து பூட்ஸ் கொடுப்பதும், திரும்பி வந்த பூட்ஸுக்குள் கையை விட்டு ஈரம் பார்த்துச் சூடான காற்றுக் குழாயில் மாட்டி வைப்பதும் அவள் வேலை. முன்பின் தெரியாதவர்களின் பாத ஈரத்தைத் தினமும் கையால் தொடுகிற வேலை. அதை முகம் சுளிக்காமல் செய்கிறவர்களுக்கு ஆண்டவன் தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பான் என்று நான் நம்புகிறேன். கூடத்தில் எல்லோருக்கும் அவள் பூட்ஸ் அக்கா.

சறுக்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். பனி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கை எல்லோரும் ஐஸ்காரர் என்பார்கள். கூடம் திறப்பதற்கு முன்னால் ஒருநாள், சரிவையே பார்த்துக்கொண்டு நின்றவளிடம் அவர், "பனி சரியா இறுகியிருக்கான்னு யாராவது சறுக்கிப் பார்த்துச் சொன்னா நல்லாயிருக்கும். எனக்கு முட்டி வலி. நீ போறியாம்மா?" என்று கேட்டார். அவருக்கு முட்டி வலி எதுவும் கிடையாது. அன்றிலிருந்து ஆறு வருடமாக, தினமும் காலையில் அவள்தான் பனியைச் 'சோதித்து' வந்தாள். முதல் வருடம் விழுந்தாள். இரண்டாவது வருடம் குறைவாக விழுந்தாள். இப்போது சரிவின் அடியில் வந்து சேரும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் நீளம் இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது. பத்து மூச்சுக்குள் முடிந்துவிடும் சரிவு அது. கடைசியில் ஒரு ரப்பர் மெத்தைச் சுவர்.

அந்தச் சுவர் இல்லாத இடத்தில் ஒருமுறை சறுக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"காசு?" என்றான் அண்ணன்.

"சேர்த்து வச்சிருக்கேன்."

"சேர்த்து வச்சதை எல்லாம் பனியில கரைச்சுட்டு வருவியா?"

"என் காசு அண்ணா. வெயில்ல கரைச்சா மட்டும் உனக்குப் பரவாயில்லையா?"

அண்ணன் ரொட்டியைத் தட்டில் வைத்தான். அவன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், விபத்துக்குப் பணம் கேட்டு வரும் கோப்புகளைச் சரிபார்க்கிறவன். யார் எதைக் கொடுத்தாலும், எங்கே ஓட்டை இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பான். "சரி. செலவுக் கணக்கை எழுதி ஞாயிற்றுக்கிழமை கொண்டா. கணக்கு சரியா இருந்தா நான் வாயே திறக்கலை" என்றான்.

அப்படிச் சொன்னபோது அவன் முகத்தில் கவலை இல்லை. தங்கையின் சம்பளம் அவனுக்குத் தெரியும். வெளிநாட்டுப் பனிக்காலம் என்ன விலை விற்கும் என்றும் ஒரு குத்துமதிப்பு இருந்தது. தான் மறுக்க வேண்டியதில்லை, எண்களே மறுத்துவிடும் என்று நினைத்தான்.

அடுத்த சில நாள் மதிய உணவு நேரத்தில், டிக்கெட் கவுன்ட்டர் பெண்ணையும் ஐஸ்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் கணக்குப் போட்டாள். ஓரிடத்தில் இறங்கி மாறிப்போகும் மலிவு விமானம். மலையடிவாரச் சிற்றூரில் மூன்று பெண்களோடு பகிர்ந்துகொள்ளும் அறை. அங்கிருந்து சரிவுக்குப் பஸ். சமையல் அவளே செய்துகொள்வாள். கூடத்தில் பழசென்று கழித்துக்கட்டிய பலகை ஒன்றை முன்பே வாங்கி வைத்திருந்தாள். உறை பனிக்கான உடுப்பை டிக்கெட் பெண்ணின் மாமியார் தைத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கூலி கேட்டதற்கு, "துணி நீ வாங்கு, நூல் என்னோடது" என்றாராம்.

"சரிவுக்கு என்னக்கா போடுறது?" என்றாள் டிக்கெட் பெண்.

"நம்ம கூடத்துல மணிக்கு என்ன வாங்குறோமோ அதான்."

"அது பொம்மைச் சரிவும்மா. அங்க நிஜ மலை. ரெண்டு மடங்கு போடு" என்றார் ஐஸ்காரர்.

இரண்டு மடங்கு போட்டார்கள். மணிக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், ஒரு பனிக்காலம் என்று பெருக்கினார்கள். வந்த தொகையைப் பார்த்து டிக்கெட் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "இந்தக் காசுக்கு அந்த மலையையே எழுதி வாங்கிடலாம்க்கா."

அன்று மாலை முழுக்க அவள் பூட்ஸ்களைத் தவறான அளவுக் கொக்கிகளில் மாட்டினாள். ஆனால் மறுநாள் வந்ததும், "ஆறு மணி நேரம் வேண்டாம். நாளைக்கு ஒரு மணி நேரம். அது கட்டுப்படியாகும்" என்றாள்.

"அவ்வளவு தூரம் போயி ஒரு மணி நேரமா?"

"மீதி நேரம் கீழ நின்னு பார்க்குறேன். பார்க்குறதுக்கு யாரும் டிக்கெட் கேட்க மாட்டாங்கல்ல?"

ஐஸ்காரர் மூக்கைச் சிந்துவதற்காக எழுந்து போனார். குளிர் அறையில் வேலை செய்கிறவருக்கு அது வழக்கம்தான்.

கூடத்தின் மேலாளர், சம்பளமில்லாமல்கூட அத்தனை நீண்ட விடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார். "அப்போ என் இடத்துல வேற ஆளைப் போட்டுக்கோங்க சார். நான் திரும்பி வரும்போது இடம் இருந்தா கூப்பிடுங்க, இல்லாட்டி வேற வேலை தேடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வெளியே வந்து அந்தக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனால் சொன்னதைத் திரும்பப் போய் எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு வந்தது. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, கோப்பு பார்க்கிற தோரணையில் உட்கார்ந்தான். அண்ணி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள்.

விமானம் சரி. அறை சரி. சாப்பாட்டுக்கு எழுதியிருந்தது குறைவு என்று கொஞ்சம் கூட்டச் சொன்னான். பிறகு பேனா ஓரிடத்தில் நின்றது.

"இது என்ன, நாளைக்கு ஒரு மணி நேரம்?"

"சரிவுக் கட்டணம். மணிக்கு இவ்வளவு."

"யார் சொன்னது மணிக்குன்னு?"

"எல்லா இடத்துலயும் அப்படித்தானே அண்ணா? பூட்ஸ் வாங்கும்போது நேரம் குறிப்போம், திருப்பித் தரும்போது பார்ப்போம். அஞ்சு நிமிஷம் கூடினாலும் காசு."

அவன் அந்த மலையின் இணையப் பக்கத்தைத் தேடி எடுத்தான். அந்நிய மொழிப் பக்கத்தை மொழிபெயர்க்க விட்டு, கீழே தள்ளித் தள்ளிப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் மாறியதை அண்ணி மட்டும் பார்த்தாள். பட்டாணி உரிக்கும் கை நின்றது.

அந்த மலையில் மணிக்கணக்கு கிடையாது. ஒரே அட்டை. பனிக்காலத் தொடக்கத்தில் வாங்கினால், கடைசிப் பனி உருகும் வரை, காலையில் திறந்ததிலிருந்து மாலையில் மூடும் வரை, எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். விலையோ, அவள் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு என்று ஒதுக்கியதில் பாதிகூட இல்லை.

அவன் மடிக்கணினியை மூடியிருக்கலாம். "கட்டுப்படியாகாது குட்டி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீட்டில் யாரும் சரிபார்த்திருக்கப் போவதில்லை. தங்கை ஊரோடு இருக்க வேண்டும் என்பதுதான் அவன் விருப்பமும். ஆனால் கடவுள் சில பேருக்கு நேர்மையை ஒரு தொந்தரவாகவே கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"தப்பா போட்டிருக்கே" என்றான். "இது மணிக்கணக்கு இல்ல. சீசன் முழுக்க ஒரே அட்டை. இந்தா, நீயே பாரு."

அவள் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்?"

"ம்."

"எத்தனை தடவை வேணும்னாலும்?"

"அப்படித்தான் போட்டிருக்கு. காசும் மிச்சம் உனக்கு."

அவள் உரக்கச் சிரித்தாள். மூன்று பேர் கூடி உட்கார்ந்து, ஒரு மலையை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுக்கப் பார்த்ததை நினைத்துச் சிரித்தாள். அண்ணியும் சேர்ந்துகொண்டாள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"கணக்கு சரியாயிடுச்சு" என்றான். "ஆனாலும் போக வேண்டாம்."

சிரிப்பு நின்றது.

"அப்போ காசு இல்ல விஷயம்" என்றாள் அவள்.

"அம்மாவை யார் பார்த்துப்பா? நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம்."

"என்னைச் சாக்கா வைக்காதே" என்றாள் அம்மா ஜன்னல் பக்கமிருந்து. "எனக்குக் கை இருக்கு, கால் இருக்கு, தட்டு எங்க இருக்குன்னு தெரியும். பார்த்துக்கணும்னா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பாருங்க. அவ பேர்ல மட்டும் எழுதி வச்சிருக்கா?"

"டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன் அத்தை" என்றாள் அண்ணி. "மாசம் ஒரு தடவைதானே. ஆபீஸ்ல சொல்லிக்கிறேன்."

அண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "நீயுமா?"

"நான் பட்டாணி உரிக்கிறேன்" என்றாள் அவள்.

"நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது? கல்யாணமும் பண்ணிக்காம, இருந்த வேலையையும் விட்டுட்டு, தனியா எங்கயோ..."

"சறுக்கப் போயிருக்கான்னு சொல்லு. உண்மையைத்தானே சொல்லப்போற. அந்த நாலு பேர்ல ஒருத்தராவது என் பூட்ஸைக் காயவச்சுக் கொடுத்திருக்காங்களா அண்ணா? நான்தான் அவங்க பிள்ளைங்களோடதைக் காயவச்சேன். கேட்டா கேட்கட்டும்."

"விளையாட்டு இல்ல குட்டி!" அவன் குரல் உயர்ந்தது. எழுந்தே விட்டான். "என் மேசைக்கு என்னென்ன வருதுன்னு உனக்குத் தெரியுமா? தொடை எலும்பு ரெண்டா போனவன். முதுகுத்தண்டு போயி படுத்த படுக்கையா கிடக்குறவ. அவளுக்கு உன்னைவிட வயசு கம்மி. எக்ஸ்ரேயைப் பார்த்துட்டுத்தான் நான் தினம் சாப்பிட உட்கார்றேன்."

இதை அவன் வீட்டில் சொன்னதே இல்லை. அண்ணியும் இப்போதுதான் கேட்கிறாள். எத்தனையோ வருடமாக அந்த மனிதன் பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு வந்து, செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அவள் குரல் தணிந்தது. ஆனால் சொன்னதிலிருந்து இறங்கவில்லை.

"உன் மேசைக்கு விழுந்தவங்க மட்டும்தானே அண்ணா வருவாங்க? விழாம வீடு வந்து சேர்ந்தவங்க யாரும் உன் ஆபீஸுக்கு வந்து எழுதிக் கொடுக்குறதில்லையே. நான் அவங்களைப் பார்க்குறேன். தினமும் நூறு பேர் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டு, சிரிச்ச முகமா நடந்து போறாங்க."

அவன் கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்து மறுபடி துடைத்தான்.

"நான் விழ மாட்டேன்னு சொல்லலை. விழுவேன். விழுந்து பழகினவதான் நான். ஆனா நீ பயப்படுறேங்கிறதுக்காக நான் இங்கயே உட்கார்ந்தா, உன் பயம் குறையாது. என் ஆசைதான் போகும். நான் போறேன் அண்ணா. நீ சம்மதிச்சாலும் போறேன், இல்லாட்டியும் போறேன். சம்மதிச்சா சந்தோஷமா போவேன், அவ்வளவுதான் வித்தியாசம்."

சொல்லிவிட்டு, மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அந்த அட்டையை வாங்குவதற்கான பொத்தானைத் தேட ஆரம்பித்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். மகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று கேட்டாளா, அந்தக் கை தயங்கக் கூடாது என்று கேட்டாளா, அது அவளுக்கும் ஆண்டவனுக்கும் இடையிலானது.

பணம் போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தது.

அண்ணன் நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கணக்குத் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை பார்த்தான். பழக்கம் விடுமா?

"காப்பீடு போடலையே நீ" என்றான் கடைசியில். "காப்பீட்டுக்காரன் தங்கச்சி, அதைப் போடலை. வெளிய சொன்னா மானம் போகும்."

"மறந்துட்டேன்."

"மலிவா ஒண்ணு காட்டும், அதைத் தொடாதே. மலையிலேர்ந்து தூக்கிட்டு வர்ற செலவு அதுல வராது. இதை எடு. மிஞ்சின காசுல வந்துடும்."

அவன் காட்டியதையே எடுத்தாள். விவரம் கேட்கும் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினாள்.

"அடிபட்டா எனக்கு ஃபோன் பண்ணாதே" என்றான் அவன், திரையைப் பார்த்தபடியே.

"உனக்குத்தான் முதல்ல பண்ணுவேன்."

அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற கட்டம் வந்தது. அவள் அவன் எண்ணை அடித்தாள். அடுத்ததுக்குப் போகப் போனவளை அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"இரு. கீழ இன்னொரு கட்டம் இருக்கு பாரு. அதுல என் ஆபீஸ் நம்பரையும் போடு. பகல்ல அங்கதானே இருப்பேன்."