ஓடும் டிரம்மும் நடக்கும் பேஸும்

சகலைகள் இருவரும் சேர்ந்தே பெயின்ட் வேலைக்குப் போவார்கள். அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவன் சின்னவன். பெரியவர் ரோலரைப் பிடித்துச் சுவரை நிரப்புவார். சின்னவன் ஏணியில் ஏறி, மூலையும் விளிம்பும் பிசிறில்லாமல் சிறு பிரஷ்ஷால் முடிப்பான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சண்டையெல்லாம் வேலையிடத்தில் பாட்டுப் போடும் ஸ்பீக்கரால் வந்தது.

பெரியவருக்கு மெதுவாகப் போகும் பழைய மெலடி வேண்டும். சின்னவனுக்கு டிரம் அண்ட் பேஸ் என்கிற வேகமான மேல்நாட்டு இசை, அதிலும் ஜாஸ் கலந்தது. சாக்ஸபோன் ஒரு பக்கம் இழைந்துகொண்டிருக்க, டிரம் தலைதெறிக்க ஓடும்.

“இது பாட்டா சகலை? யாரோ பாத்திரத்தை மாடிப்படியில உருட்டிவிட்ட மாதிரி இருக்கு.”

“உருட்டிவிட்டா கீழ வந்து நின்னுடும் அண்ணே. இது நிக்காம ஓடுதே, அதைக் கேளுங்க.”

“மெஷினை முடுக்கிவிட்டா அதுபாட்டுக்கு ஓடும். இதுல என்ன கெட்டிக்காரத்தனம்?”

கடைசியில் காலை அவருக்கு, மதியம் இவனுக்கு என்று ஒப்பந்தமானது. மதியம் ஆனதும் பெரியவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

அப்படியிருக்கையில் ஓர் இசைக்கூடத்தில் வேலை வந்தது. கீழ்த்தளத்தில் சின்ன மேடையோடு ஒரே ஹால். மதியம் இரண்டாவது கோட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று பேர் வாத்தியங்களோடு வந்து நின்றார்கள். சனிக்கிழமை கச்சேரியாம், ஒத்திகை பார்க்க வேறு இடமில்லையாம்.

“நீங்க உங்க வேலையைப் பாருங்க, நாங்க எங்க வேலையைப் பாக்கிறோம்” என்றாள் டிரம் வாசிக்கும் பெண். ஒல்லியான உடம்பு. மற்ற நாளில் பல் டாக்டரிடம் உதவியாளராம்.

ஆரம்பித்தார்கள். பெரியவருக்கு, பஞ்சையும் மீறி, தூக்கிவாரிப் போட்டது. சின்னவனின் ஸ்பீக்கரில் வருகிற அதே சத்தம்! மேடை முழுக்கக் கண்ணை ஓட்டினார். மெஷின் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் இரண்டு கை, இரண்டு கால், அவ்வளவுதான். குச்சி எங்கே என்று பார்ப்பதற்குள் அது வேறெங்கோ போயிருந்தது. முகத்தில் மட்டும் அவசரமே இல்லை, துணி மடிக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியத்தை அணைத்துக்கொண்டு நின்ற தாடிக்காரர், சாப்பிட்டுவிட்டுக் காலாற நடப்பவர்போல ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார். அவள் ஓட, இவர் நடக்க, இருவரும் எப்படியோ ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பியானோக்காரர் இடையிடையே புகுந்து இருவரையும் சீண்டினார்.

பெரியவர் பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். ரோலர் தானாகவே பேஸின் நடைக்கு ஏறி இறங்கத் தொடங்கியது.

“அண்ணே, கதவு! கதவு!”

சுவர் முடிந்து, நிலையைத் தாண்டி, மரக்கதவில் பாதிவரை வெளிர்நீலம் ஏறியிருந்தது. வாத்தியங்கள் நின்று மேடையே சிரித்தது.

பெரியவர் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, நடுவுல ஒரு இடம், தடுக்கி விழப்போற மாதிரி போய், விழாம எழுந்துச்சே. அதை இன்னொரு தடவை வாசியேன்.”

“அது போயிடுச்சுங்களே! அந்த நேரத்துக்குக் கைக்குத் தோணினது. இப்ப வேற ஒண்ணு வரும், பாருங்க.”

வந்தது. முதலில் வந்ததைவிடக் குறும்பாக இருந்தது. நல்ல ஜோக் கேட்டவர்போலப் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். “நான் சொன்னேன்ல” என்று சொல்லச் சின்னவனுக்கு நாக்குத் துடித்தது. ஏணியில் நின்றபடி அடக்கிக்கொண்டான்.

சனிக்கிழமை சகலைகள் மனைவிகளோடு நாலு பேருமாகக் கச்சேரிக்குப் போனார்கள். “தலைவலி வந்துச்சுன்னா உடனே கிளம்பிடுவேன்” என்று சொல்லிக்கொண்டே வந்த பெரியவரின் மனைவி, இரண்டாவது பாட்டுக்கே தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்கு முன்னால் போய்விட்டாள். தங்கை டிரம்முக்குத் துள்ளினாள். அக்கா பேஸுக்கு நிதானமாக அசைந்தாள்.

“சகலை, கையை எதுக்குத் தட்டணும்? ஓடுறதுக்கா, நடக்கிறதுக்கா?”

“எதுக்குத் தட்டினாலும் சரியா வரும் அண்ணே.”

பெரியவர் காலால் ஒன்றுக்கும் கையால் ஒன்றுக்குமாக முயன்று பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் குழம்பிப்போனது. பக்கத்தில் நின்றவரின் காலை மிதித்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.