கறுப்புக் கரை போட்ட உறை

1992 ஜனவரி 29, புதன்கிழமை. என் நோட்டில் 31ஆம் எண்ணுக்கு நேரே 'படிவம் வந்த தேதி' இன்னும் காலியாகவே இருந்தது.

மதுரையில் ஒரு நூலகத்தில் அமெரிக்கக் கல்லூரிகளின் பழைய முகவரிப் புத்தகம் இருந்தது. மூன்று சனிக்கிழமை பஸ் ஏறிப்போய் நாற்பத்துமூன்று முகவரிகளை எண் போட்டு அந்த நோட்டில் பார்த்தெழுதினேன். அருப்புக்கோட்டையில் நான் பி.எஸ்ஸி. முதலாண்டு படிக்கும் கல்லூரியில் வழி கேட்டதற்கு, "அங்கே போனவர்கள் யாரையாவது கேள்" என்றார்கள். எங்கள் பந்தல்குடியில் அப்படி யார் இருக்கிறார்கள்? அந்தக் கல்லூரிகளையே கேட்டுவிட்டேன். வெளிநாட்டு மாணவிக்கு முழு உதவித்தொகை உண்டா? ஒரே கடிதம், நாற்பத்துமூன்று முறை. 'இல்லை' என்ற பதில்தான் அதிகம் வந்தது, பளபளப்புத் தாளில், புல்தரையில் சிரிக்கும் மாணவர்கள் படத்தோடு.

31ஆம் எண் கல்லூரி மட்டும் வேறு. அங்கே மாணவர் சேர்க்கையைப் பார்க்கும் திருமதி கார்வர் என்பவர் கைப்பட எழுதியிருந்தார்: 'உன் மதிப்பெண்கள் பிடித்திருக்கின்றன. உதவித்தொகைப் படிவத்தை டிசம்பர் கடைசியில் அனுப்புகிறேன். பூர்த்தி செய்த படிவம் பிப்ரவரி 14 மாலைக்குள் என் மேசைக்கு வந்தாக வேண்டும்.' அதற்குப் பதினாறு நாள்தான் பாக்கி. விமானத் தபாலுக்கே பதினான்கு நாள் போய்விடும்.

அப்பாவின் கயிறு, தார்ப்பாய்க் கடை வாசலில் நின்று தபால்காரரை மறித்தேன்.

"ராமசுப்பண்ணே, எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒனக்கு லெட்டர் சொமந்தே என் சைக்கிள் செயின் தொங்கிருச்சு தாயி. பொங்கலுக்கு மொத நா குடுத்தேனே, அதான் கடைசி."

"யார்கிட்ட?"

"ஒங்கம்மாட்டதான். பெரிய உறை. ஸ்டாம்பக் கிழிச்சுத் தாங்கன்னு கேட்டேன், அவுக மூஞ்சியே சரியில்ல. வந்துட்டேன்."

வீட்டில் அம்மா மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கை நின்றது.

"கிழிச்சு ஓடையில போட்டுட்டேன்."

"பிரிச்சுப் பாத்தியா?"

"எதுக்குப் பிரிக்க? நாலு பக்கமும் வெரல் தண்டிக்குக் கறுப்புக் கரை. நாம ஒரு ஓரத்துலதான் தடவுவோம். அவுக சுத்திவரத் தடவியிருக்காக. பெரிய சாவுன்னு தெரியலயா?"

சாவுச் செய்தி எழுதும் கார்டில் ஓரத்தில் கறுப்பு மை தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வாசலிலேயே கிழித்துவிட வேண்டும்.

"யாரு செத்தான்னு நெனச்ச?"

"ஒன் கார்வரம்மாதான். வேற யாரு ஒனக்கு அங்க? நல்ல நாளும் அதுவுமா சொன்னா அழுவியேன்னு சொல்லல. நாந்தான் தலை முழுகிட்டு வந்து பொங்கலுக்கு அரிசி பொடைச்சேன்."

கத்தத்தான் வாயெடுத்தேன். முகம் தெரியாத ஒருத்திக்காக என் அம்மா தலை முழுகியிருக்கிறாள். நோட்டில் 31க்குக் கீழே என் கையெழுத்திலேயே இருந்தது: 'கல்லூரியின் நிறம்: கறுப்பும் பொன்னும்.' அந்தக் கறுப்பைத்தான் உறைக்குக் கரையாகப் போட்டிருக்கிறார்கள். எழுதி வைத்தேனே தவிர வீட்டில் சொல்லவில்லை.

ஓடைப் பக்கம் ஓடினேன். பதினைந்து நாள் காற்று. கருவேல முள்ளில் ஒரு கறுப்புத் துண்டு மட்டும் மாட்டிக்கொண்டிருந்தது.

பழைய கடிதத்தின் தலைப்பில் போன் நம்பர் இருந்தது. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே இரவு ஏழரை. அருப்புக்கோட்டை போன் பூத்துக்குக் கிளம்பினேன்.

"நானும் வாரேன்" என்றாள் அம்மா.

"நீ எதுக்கு?"

"உசுரோட இருக்காகளான்னு நான் பாக்க வேணாமா?"

ஒரு ஆள் நிற்கும் கண்ணாடிக் கூண்டில் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். மூன்றாவது முறை லைன் கிடைத்தது. ஆங்கிலத்தில் நாற்பத்துமூன்று கடிதம் எழுதியவள், ஒருவரோடும் பேசியதில்லை. படிவம் கிழிந்துவிட்டது என்றேன். எப்படி என்று கேட்டார் திருமதி கார்வர். உண்மையைத் தவிர வேறு எதற்கும் ஆங்கிலம் வரவில்லை.

"நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று என் அம்மா நினைத்துவிட்டார்."

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். பிறகு ஒரு சிரிப்பு, ரிசீவருக்கு வெளியேயும் கேட்கும்படி.

"சிரிக்காகல்ல!" என்றாள் அம்மா. "நல்லாருக்கட்டும்."

புதுப் படிவம் அனுப்ப நேரமில்லை என்றார் திருமதி கார்வர். 'கேள்விகளை வாசிக்கிறேன், எழுதிக்கொள். பதில்களை வெள்ளைத்தாளில் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பு. தேதியை மட்டும் மாற்ற எனக்கு அதிகாரமில்லை.' பதினோரு கேள்விகள். அம்மா நோட்டைத் தன் முதுகில் வைத்து எழுதச் சொல்லிக் குனிந்து நின்றாள்.

மறுநாள் காலை தபாலாபீஸ் வாசலில் அம்மா மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். மஞ்சள். நல்ல காரியத்துக்குப் போகும் கடிதத்தின் நான்கு மூலையிலும் வைப்பது.

"வைக்கட்டா?"

"வேணாம்மா. அவுக மஞ்சளப் பாத்து என்னமோ ஏதோன்னு கிழிச்சுப்போட்டா?"

அம்மா யோசித்தாள். பிறகு உறையை வாங்கி, ஒட்டுகிற மடிப்பின் உட்பக்கம் ஒரு பொட்டு வைத்து, மேலே பசையைத் தடவி அவளே அழுத்தி ஒட்டினாள்.

"இப்ப யாரு பாக்கா?"

ரிஜிஸ்தர் ரசீதை நோட்டில் ஒட்டினேன். எண் 31, இரண்டாம் தபால், ஜனவரி 30. பதில் கட்டம் காலி. பிப்ரவரி 14க்குப் பதினைந்து நாள். விரல் விட்டு எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன்.

ரோட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "இப்ப எங்க போயிருக்கும்?"

"இங்கதாம்மா இருக்கு. இன்னும் தபால் பையவே கட்டல."

"சரி" என்றாள். பத்தடி நடந்து நின்று, திரும்பித் தபாலாபீஸைப் பார்த்தாள். "இப்ப?"