திரும்பிப் பார்க்கலாம்

மரியநாதன் அண்ணன் தன் அப்பாவின் கல்லறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாளியோடு நின்றேன். ஊற்றச் சொன்னால் ஊற்றினேன். கல்லறைத் திருநாள் என்பதால் சிகாமட் கல்லறைத் தோட்டம் முழுக்க ஆட்கள். புல் பிடுங்குகிறார்கள், பூச்சாடி வைக்கிறார்கள், கல் விளிம்பில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பையில் உறிஞ்சுகுழல் போட்டுத் தேநீர் குடிக்கிறார்கள். இந்த இடத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்கூடாயில் அவர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். தேவகோட்டையிலிருந்து கடல் தாண்டி மலாய் நாட்டுக்கு முதுகலை படிக்க வந்தவன். முதல் பருவம் இன்னும் முடியவில்லை. ஊர் பிடிபடவில்லை. காப்பி கேட்டால் டின்பாலில் வருகிறது. வகுப்பில் எதைக் கேட்டாலும் 'கேன் லா' என்கிறார்கள். அது சம்மதமா, பார்க்கலாம் என்பதா, விளங்குவதில்லை. தினமும் போகிற பேருந்தில் இறங்கும் இடம் தவறிப் போகிறது. இதில் எது புது ஊரால், எது உமையாளால் என்று பிரிக்கத் தெரியவில்லை.

உமையாள் என் மனைவி. மாசியில் இறந்தாள். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. வந்த புதிதில் மரியநாதன் அண்ணனின் மனைவி ஃபெலிசியா அக்கா, கல்யாணம் ஆச்சா தம்பி என்று கேட்டார். ஆச்சு என்றால் எங்கே என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து சாஆ என்ற ஊரில் ஒரு டீச்சர், குளுவாங்கில் ஒரு நர்ஸ் என்று எனக்குப் பெண் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் கிடந்து என்ன செய்யப் போகிறாய் என்று இன்று காரில் ஏற்றிக்கொண்டு வந்ததும் அவர்தான்.

அண்ணன் கல்லைத் துடைத்தபடி அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். கார் மாற்றியது, முட்டி வலி, வீட்டுக் கூரை ஒழுகுவது.

"உயிரோட இருந்தப்ப மாமாகிட்ட ரெண்டு வார்த்த பேசுனதில்ல. இப்ப பாருங்க தம்பி, ரேடியோ மாதிரி," என்றார் அக்கா.

"அப்ப திருப்பித் திட்டுவாருலா," என்றார் அண்ணன்.

சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அக்கா அங்கேயே நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்தார், தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலும். எங்கள் பக்கம் சுடுகாட்டுக்குப் போனவன் தலைமுழுகாமல் வாசற்படி மிதிக்க மாட்டான். நான் குழாய் எங்கே என்று பார்த்தேன். வாளியும் காலி.

"சாப்பிடுங்க தம்பி. இங்க இருக்கிறவங்க யாரும் பிடுங்கித் திங்க மாட்டாங்க."

கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுச் சாப்பிட்டேன். சம்பல் ருசியாக இருந்தது. அதுவும் குழப்பமாக இருந்தது.

பையில் ஒரு மெழுகுவத்தி மிச்சம். அக்கா வருடா வருடம் ஒன்று கூடுதலாக வாங்குவாராம், ஆள் வராத கல்லறைக்கு. அதை என்னிடம் கொடுத்தார். வேலியோரம் ஒரு கல் இருந்தது. வெள்ளம் ஏறி இறங்கியதில் பெயர் அழிந்து, மண் கறை மட்டும் மீதி. நான் குந்தி உட்கார்ந்து பற்றவைத்தேன். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் சுடரை மறைத்தார்.

"பேரு தெரியலன்னா பரவால்ல. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரையாச்சும் நெனச்சுக்குங்க."

"உமையாள்," என்றேன். வாய்விட்டுச் சொல்வேன் என்று நினைக்கவில்லை.

"யாரு, பாட்டியா?"

"என் வீட்டுக்காரி."

சுடரைச் சுற்றியிருந்த கைகள் அசையவில்லை. எப்போது என்று கேட்டார். சொன்னேன்.

"எங்க வச்சிருக்கீங்க?"

"கரைச்சாச்சுக்கா. ராமேஸ்வரத்துல."

பதில் சரிதான். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை போலிருந்தது. டீச்சரைப் பற்றியோ நர்ஸைப் பற்றியோ அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என் முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

வானம் கறுத்தது. கிளம்பும்போது அண்ணன் கல்லின் தலையில் தட்டி, "வரோம்ப்பா," என்றார். நாலடி நடந்து திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். மறுபடி நடந்து மறுபடி பார்த்தார்.

உமையாளுக்கு அன்று நான் கொள்ளி வைத்ததும் பங்காளிகள் தோளைப் பிடித்துத் திருப்பி, திரும்பிப் பார்க்காமல் நட என்றார்கள். நடந்தேன். பின்னால் ஏதோ வெடிக்கும் சத்தம் கேட்டது. பார்க்கவில்லை. இன்றுவரை எதையும் பார்க்கவில்லை.

"அக்கா, இங்க திரும்பிப் பார்க்கலாமா?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. "பாருங்களேன். யாரு வேணாம்னா?"

காரில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. பின் இருக்கையில் முட்டி போட்டுத் திரும்பினேன். அண்ணன் எஞ்சினைப் போட்டார், வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் தோட்டம் முழுக்க மழையில் இன்னும் அணையாத சின்னச் சின்ன மெழுகுவத்தி வெளிச்சங்கள். மூச்சுபட்டுக் கண்ணாடி மங்கியது. உள்ளங்கையால் துடைத்தேன். கழுவாத கை. சம்பல் எண்ணெய் இழுபட்டு எல்லா வெளிச்சமும் ஒரே மஞ்சளாகப் பரவியது. வேலியோரம் நான் ஏற்றியது எது என்று தெரியவில்லை. சட்டை நுனியை இழுத்து மறுபடி துடைத்தேன்.