தேய்ந்த டைல்களின் வரிசை

தண்ணீர்த் தொட்டியிலிருந்து முதல் டைலை எடுத்துத் திருப்பினார் தையல்காரர். பின்பக்கம் அவர் போட்டிருந்த எண்ணைக் காணோம். தொண்ணூற்றாறையும் எடுத்துப் பார்த்துவிட்டார். ஒன்றில்கூட இல்லை.

எங்கே வீடு இடிக்கிறார்கள் என்று விசாரித்துப் போய், விக்டோரியா மகாராணி காலத்துப் பூ டைல்களைப் பெயர்த்து வருவது இருபது வருஷமாக அவருக்குப் பைத்தியம். பின்னால் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் காரை ஊறினால்தான் இளகும். அவசரப்பட்டு உளியை வைத்தால் டைல் பிளந்துவிடும். ஆகவே ஒரு வாரம் ஊறப்போடுவார். வரிசையைப் பற்றி அவர் கவலைப்பட்டதே கிடையாது. எல்லாம் ஒரே பூ, எதை எங்கே வைத்தாலும் சேர்ந்துகொள்ளும்.

இந்தத் தொண்ணூற்றாறு மட்டும் அப்படியல்ல. முப்பது வருஷம் குடியிருந்த வாடகை வீட்டின் கூடத்துத் தரை இது. மனைவிக்குப் பார்வை போய் எட்டு வருஷமாகியும், அந்தக் கூடத்தில் அவள் தனியாகத்தான் நடந்தாள். பூவை இந்த டைலின் மேலே தீட்டுவதில்லை. செம்மண் களியில் பூ வடிவத்தில் பள்ளம் அழுத்தி, அதில் வெள்ளைக் களிமண் குழம்பை ஊற்றி, வழித்துச் சமமாக்கிச் சுடுவார்கள். இரண்டு மண்ணும் ஒரே மாதிரி தேயாது. ஆள் நடக்க நடக்கச் சிவப்பு இறங்கும், வெள்ளைப் பூ மயிரிழை உயரம் எழுந்து நிற்கும். நடமாட்டமில்லாத ஓரங்கள் வழவழவென்றே இருக்கும். அவளுடைய பாதத்துக்கு அது போதும்.

வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்றதும், உரிமையாளரிடம் கேட்டுத் தரையைப் பெயர்த்துக்கொண்டு இந்தப் புது வீட்டுக்கு வந்தார்கள். இங்கே வந்த ஒன்றரை மாதத்தில் அவள் ஓர் அடிகூடத் தனியாக வைக்கவில்லை. பழைய தரையை அப்படியே பதித்துவிட்டால் நடந்துவிடுவாள் என்று அவர் நம்பியிருந்தார்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்? உடைச்சிட்டீங்களா?"

"உடைக்கல. நம்பரெல்லாம் அழிஞ்சிபோச்சு."

"எதுல எழுதினீங்க?"

"தையல் சாக்பீஸ்லதான்."

துணியில் போட்ட கோடு துவைத்தால் போய்விட வேண்டும் என்பதற்காகவே செய்த சாக்பீஸ் அது. அவள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

"சிரிக்காத. எது எங்க இருந்துச்சுன்னு இனி யாருக்குத் தெரியும்?"

"என் காலுக்குத் தெரியும். நாற்காலியைப் போட்டு ஒண்ணொண்ணா கொண்டாங்க."

ஈரத்தைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பாதத்தடியில் வைத்தார். "இது ஓரம். இது நடுவழி. இது அடுக்களை வாசல், நான் நின்னு நின்னு தேய்ச்சது. இது... தெரியலயே, தள்ளி வைங்க." இரண்டு நாளில் நான்கு அடுக்கு சேர்ந்தது.

"அடுக்களைக் கல்லெல்லாம் பழைய வீட்டுல மாதிரியே இடது கோடியில வெச்சிடறேன்."

"ஏன் இடது? இங்க அடுக்களை எந்தப் பக்கம்?"

நிமிர்ந்து பார்த்தார். அடுக்களை வலது பக்கம். இடது பக்கம் வெறும் சுவர்.

"பழையபடியே பதிச்சிருந்தா?" என்று கேட்டாள்.

"நேரா சுவத்துல முட்டியிருப்ப."

"ஊராரையெல்லாம் அளவெடுத்தீங்க, வீட்டை அளக்கல! பழைய சட்டையைப் பிரிச்சுப் புது ஆளுக்குத் தைக்கிறதில்லையா? அந்த மாதிரி பண்ணுங்க."

கட்டிலிலிருந்து தேய்ந்தவற்றை வழியாக ஓட்டி வலது பக்கம் திருப்பினார். வழவழப்பானவை ஓரத்துக்குப் போயின. மிக ஆழமாகத் தேய்ந்தவை புது அடுக்களை வாசலுக்கு வந்தன.

சிமெண்ட் இறுக மூன்று நாள். நான்காம் நாள் காலை அவள் அவர் கையை விட்டாள். இரண்டு கைகளையும் நீட்டியபடி, தொடாமல், அவர் பின்னாலேயே போனார். திருப்பத்தில் அவள் நின்று, கட்டைவிரலால் தரையைத் தடவிப் பார்த்தாள். வலது பக்கம் திரும்பினாள்.

"பின்னாடி வராதீங்க. உங்க மூச்சு கழுத்துல அடிக்குது."

நின்றுவிட்டார். அவள் போனாள். வாசலில் இரண்டு பாதங்களையும் ஊன்றிக்கொண்டாள்.

"இதுதானே?"

"அதேதான்."

"அப்ப நீங்க போய் உட்காருங்க. பாலை எங்க வெச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."